காரணம் கேட்கும் பெட்டி

சாதிச் சங்கத்தின் திருமணத் தகவல் இணையதளத்தில் ஒரு பெண்ணின் பக்கத்தை ஏற்ற வேண்டுமென்றால் நட்சத்திரம் கட்டாயம். ராசி கட்டாயம். உட்பிரிவு, குலதெய்வம், எல்லாம் கட்டாயம். ஒன்றைக் காலியாக விட்டாலும் சிவப்பு எழுத்து வந்து அதட்டும். இதில் அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்க மட்டும் ஒரு பெட்டி இல்லை. வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். யாருக்கும் தோன்றவே இல்லை.

இந்தத் தளத்தைப் பராமரிப்பவள் ஸ்வர்ணலதா. வயது இருபத்தேழு. கணினிப் பயன்பாட்டில் முதுகலை படித்தவள். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் சங்கச் செயலாளர் மாணிக்கவாசகத்தின் மகள் அவள். வீட்டுப் பிள்ளை செய்வதை யாரும் வேலை என்று சொல்வதில்லை, ஒத்தாசை என்பார்கள்.

மாணிக்கவாசகத்துக்குத் தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. 'ஸ்வர்ணா மெட்டல்ஸ்'. மகள் பிறந்த வருடம் தொடங்கிய கடை, அதனால் அவள் பெயர். கடைக்கு மேல்மாடியில் சரக்கு அறை. அட்டைப்பெட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குடங்களும் கூரை வரை அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு நாற்காலி. அங்கேதான் அவள் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பாள். அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஆனால் கடையின் பெயர்ப்பலகையை அதன் மேல்தான் அறைந்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் வெயில் அடிக்கும்போது ஃப்ளெக்ஸ் துணி வழியாக எழுத்துகள் தெரியும், இடவலம் மாறி. தன் பெயரைப் பின்பக்கத்திலிருந்து படித்துப் படித்து அவளுக்கு அது பழகிவிட்டது. தெருவின் இரைச்சல் முழுக்க மேலே வரும், தெரு வராது.

அவள் பக்கமும் அந்தத் தளத்தில் இருந்தது. அதில் ஒரு வரி: 'வேலைக்குச் செல்ல விருப்பம் இல்லை.'

விருப்பம் யாருடையது? தட்டச்சு செய்தது அவள் கைதான், சொன்னவர் அப்பா. "அப்படிப் போட்டாத்தாம்மா நல்ல இடமா வரும். போட்டு வையி, பொறவு பாப்போம்."

'பாப்போம்' என்பதுதான் மாணிக்கவாசகத்தின் ஆயுதம். அவர் மகளை அடித்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஒரு நாளும் படுத்ததில்லை. முதுகலை சேரட்டுமா என்று கேட்டபோது 'பாப்போம்' என்றார். பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு சரி என்றார். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கும் 'பாப்போம்'. மறுக்கிற தகப்பனோடு சண்டை போடலாம், பட்டினி கிடக்கலாம், பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். 'பாப்போம்மா' என்று தலையைத் தடவுகிற தகப்பனை என்ன செய்வது? நம் வீடுகளில் பாதிக் கதவுகளைப் பூட்டியிருப்பது இந்தப் பாசம்தான். அதனாலேயே பூட்டு கண்ணில் படுவதில்லை.

தரமணியில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஜெசிந்தா இவளுடைய கல்லூரித் தோழி. ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. அப்பா ஏசுராஜ் கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு மாறியவர், அம்மா மீன் விற்பவர். நேர்காணல் மடிக்கணினியிலேயே, குடங்களுக்கு நடுவில் முடிந்துவிட்டது. சேருவதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி.

"இன்னாடி, வூட்ல கேட்டியா இல்லியா?" என்று ஜெசிந்தா தினமும் போன் செய்தாள். "எச்.ஆரு என் உசுர வாங்கிக்கினு கீது."

"கேட்டேன். பாப்போம்ங்காரு."

"எத்த பாக்கறாராம்? நீ இன்னா சினிமாவா?"

ஸ்வர்ணலதா சிரித்தாள். சிரித்துவிட்டு, அன்றைக்கே தன் பக்கத்தைத் திறந்து 'இல்லை' என்பதை 'உண்டு' என்று மாற்றினாள். நிர்வாகிக் கணக்கு அவளிடம்தானே. ஒரு நொடி வேலை.

இரண்டு நாள் கழித்து மாணிக்கவாசகம் மாடி ஏறி வந்தார். விருகம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். "உன் பக்கத்துல ஏதோ தப்பா ஏறிட்டு போல. மாத்திரும்மா." கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. கையில் அவளுக்காக வாங்கிவந்த முறுக்குப் பொட்டலம். அவள் எழுதியது ஒரு மனுஷியின் கருத்தாக இருக்கக்கூடும் என்று அவருக்குப் படவில்லை. கணினிப் பிழை என்றுதான் பட்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவளுடைய கையாலேயே, 'உண்டு' மறுபடியும் 'இல்லை' ஆயிற்று. முறுக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த மாதம்தான் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதுவரை யாருக்காவது சம்பளம் கூடினாலோ உயரம் தப்பாக இருந்தாலோ செயலாளருக்குப் போன் வரும், அவர் மகளிடம் சொல்வார், அவள் உள்ளே போய் மாற்றுவாள். போன் தொல்லை தாங்கவில்லை. உறுப்பினர்கள் தளத்தின் முன்பக்கத்திலிருந்தே, நிர்வாகிக் கணக்குக்குள் நுழையாமல், தங்கள் பக்கத்தைத் தாங்களே திருத்திக்கொள்ள ஒரு படிவம் வேண்டும். அதற்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் ப்ளகின்கள் உண்டு. தளத்தோடு பொருத்திவிட்டால் போதும். "நல்லதா ஒண்ணு பாத்து எடும்மா," என்றார் தலைவர் சுப்பராயன். நகைக்கடைக்காரர், அப்பாவுக்கே மூத்தவர்.

தாங்களே திருத்திக்கொள்வது என்றால் யார்? இங்கேதான் சங்கத்தின் வழக்கம் குறுக்கே வரும். சங்கத்தில் கணக்கு தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி அவன் பேரில், ஓட்டு அவன் பேரில். பெண் தலைக்கட்டு ஆவதில்லை. புருஷன் செத்தால் அது மகனுக்கோ கொழுந்தனுக்கோ போகும். தெற்கே கிராமத்தில் எழுதிய இந்த விதியை ரயிலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்கள், இணையதளம் தொடங்கியபோது அதையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள். தலைக்கட்டுக்கு ஒரு கணக்கு. உள்ளே நுழையும் எண் அந்தத் தலைக்கட்டின் செல்போனுக்குத்தான் வரும். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணின் பக்கத்துக்கும் உரிமையாளர் அவள் அப்பா. புதிய படிவம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அது திறந்துவிடப்போவது அப்பாக்களுக்கு.

தலைக்கட்டு விதியை மாற்றச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். 'பாப்போம்' என்று ஒரு மண்டபமே சொல்லும். ஆகவே தன் கைக்கு எட்டுகிற இடத்தில் தேடினாள்.

கடைசியில் இரண்டு ப்ளகின்கள் நின்றன. இரண்டிலும், உறுப்பினர் செய்யும் திருத்தம் செயலாளரின் ஒப்புதலுக்குப் போகும். முதலாவது பார்க்க அழகு. ஒப்புதல் வரும்வரை பழைய பக்கம் அப்படியே தெரியும். செயலாளருக்கு இரண்டே பொத்தான்: ஏற்கலாம், நிராகரிக்கலாம். நிராகரித்தால் திருத்தம் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இரண்டாவது கொஞ்சம் முரடு. திருத்தம் ஒன்று காத்திருக்கும்போது அந்தப் பக்கமே தளத்திலிருந்து மறைந்துவிடும். முடிவு தெரிந்த பிறகுதான் திரும்ப வரும். இணையத்தில் பலர் அதைக் குறை என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கும் குறையாகத்தான் பட்டது. ஆனால் அதன் அமைப்புகளில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் செய்தால், காரணம் எழுதாமல் யாரும் எதையும் நிராகரிக்க முடியாது.

அந்தக் கட்டத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் சொல்ல வேண்டும். இந்த வீட்டில், இந்தச் சங்கத்தில், இந்த ஊரில் அவளிடம் யாரும் ஒருபோதும் செய்யாத காரியம். ஒரு மென்பொருள் அதைக் கட்டாயம் என்கிறது, நட்சத்திரத்தைப் போல.

"ரெண்டாவதே இருக்கட்டும்," என்று அப்பாவிடம் சொன்னாள். "ஏன் திருப்பி அனுப்புனோம்னு எழுதிட்டா, திரும்பத் திரும்ப போன் பண்ண மாட்டாவப்பா."

"காசு கேக்குமா?"

"கேக்காது."

"அப்போ அதையே போடு." போன் வராது என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மாதக் கூட்டம் முடிந்து உளுந்து வடையும் காப்பியும் வந்த நேரத்தில், சங்கக் கட்டடத்தின் மாடி மண்டபத்தில் செய்துகாட்டச் சொன்னார்கள். சுவரில் வெள்ளைத் துணி, ப்ரொஜெக்டர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலைக்கட்டுகள். மண்டபத்தில் ஒரே பெண் அவள். கேட்டால் அவள் கூட்டத்துக்கு வரவில்லை, மிஷினை இயக்க வந்திருக்கிறாள் என்பார்கள்.

"யாரு பிள்ளை பக்கத்தம்மா போடப் போற?" என்றார் சுப்பராயன். "அடுத்தவுக பிள்ளய எல்லாம் சபையில போடாத. உன்னதயே போடு."

அவள் நினைத்து வந்ததும் தன் பக்கம்தான். உயரத்தில் ஒரு சென்டிமீட்டரைக் கூட்டிக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று. தலைக்கட்டு எண்ணை அடித்தாள். முன்வரிசையில் அப்பாவின் போன் ஒலித்தது. மாணிக்கவாசகம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வந்த எண்ணை ஒவ்வொன்றாக, உரக்க, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி படித்துச் சொன்னார். மகள் அடித்தாள். கதவு திறந்தது. சுவரில் அவள் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது, பட்டுப்புடவையில், ஸ்டுடியோச் சிரிப்போடு.

உயரம் என்ற இடத்துக்குக் கர்ஸரைக் கொண்டுபோனாள். அதற்குக் கீழே அந்த வரி. இவ்வளவு பெரிய எழுத்தில் அதை அவள் பார்த்ததில்லை. வேலைக்குச் செல்ல விருப்பம் இல்லை. நாற்காலிகளில் இருந்த எல்லோரும் வடை தின்றபடி அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் 'இல்லை'யை அழித்து 'உண்டு' என்று அடித்து, சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

'உங்கள் திருத்தம் செயலாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.' அப்பாவின் போன் மறுபடியும் ஒலித்தது.

"என்ன வே மாணிக்கம்," என்றார் சுப்பராயன், வடையைக் கையில் பிடித்தபடி, "பிள்ள வேலைக்குப் போணும்னுல்லா போட்டுருக்கு!"

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "கடைய யாரு பேருக்கு எழுதப் போறீரு, அதயும் போடச் சொல்லும்!" என்றார். இன்னும் சிரிப்பு.

"டெஸ்டிங்குதான் அண்ணாச்சி," என்றார் மாணிக்கவாசகம்.

"அப்போ வேண்டாம்னு அமுக்கிப் பாரும். அதும் வேல செய்யுதான்னு தெரியணும்லா."

அவர் நிராகரிப்பை அழுத்தினார். போனில் தெரிவதும் சுவரில் தெரியும்படி அவள் இணைத்திருந்தாள். சிவப்பு எழுத்து வந்தது: 'காரணம் எழுதவும்.' இன்னொரு முறை அழுத்தினார். மறுபடியும் சிவப்பு.

"காரணம் கேக்குதே," என்றார், போனைப் பார்த்தபடியே.

"எதையாவது எழுதும்வே."

மாணிக்கவாசகம் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பாவின் முகம், முறுக்கு வாங்கித் தந்த அதே முகம்தான், கோபமே இல்லாத முகம். ஆனால் அதில் அவள் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. கேள்வி கேட்கப்பட்டவனின் முகம். பக்கத்தில் யாரும் எடுத்துக்கொடுக்க முடியாத கேள்வி. வேண்டாம் என்பதற்கு அவரிடம் என்ன இருந்தது? விருகம்பாக்கத்துக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள். பொம்பளப்பிள்ளை. இவற்றில் எதையும் சுவரில் எழுத முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். வாயில் சொன்னால் நியாயம் மாதிரி ஒலிக்கிற விஷயங்கள், எழுத்தில் வைத்தால் வெட்கக்கேடாகத் தெரியும்.

மண்டபம் காத்திருந்தது. அவர் விரல் போன் மேல் நின்றது, இறங்கியது.

சுவரில் வந்தது: 'நிராகரிக்கப்பட்டது. காரணம்:' அதற்கு எதிரே ஒரு புள்ளி. ஒரே ஒரு முற்றுப்புள்ளி. ப்ரொஜெக்டர் அதைச் சுண்டைக்காய் அளவுக்கு ஊதிக் காட்டியது.

பக்கம் பழையபடி திரும்பி வந்தது. விருப்பம் இல்லை.

"நல்லா வேல செய்யுதுய்யா!" என்றார் சுப்பராயன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டில் அம்மா இசக்கியம்மாளுக்குச் செய்தி இவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "சபையில போய் இப்படியா செய்வ, ஏட்டி? அப்பா முகம் எப்படி ஆயிருக்கும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். பிறகு குரலை இறக்கி, "தரமணி எம்புட்டு தூரம்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் தாளிக்கப் போய்விட்டாள்.

ஜெசிந்தாவுக்குச் சொன்னபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. "புள்ளியா? நைனா வெறும் புள்ளி வச்சாரா?"

"புள்ளிதான்."

"அடிப்பாவி! அந்தப் பொட்டில கொறஞ்சது இத்தினி எழுத்துன்னு போட்டு வைக்க மாட்ட? எங்க ஆபீஸ்ல இத்த டெஸ்ட் பண்ணாம வுட்டா தொரத்திடுவாங்க." பிறகு சொன்னாள்: "இன்னும் ஒரு வாரம் இழுத்துப் புடிக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆவாதுடி."

மறுநாள் காலை ஸ்வர்ணலதா சரக்கு அறையில் உட்கார்ந்து ப்ளகினின் அமைப்புகளைத் திறந்தாள். காரணம் என்ற பெட்டிக்கு, ஒரு முழு வாக்கியமாவது எழுதினால்தான் ஏற்கும் என்று அளவு வைத்தாள். புள்ளியோ 'சரி'யோ இனி செல்லாது. நேற்று மண்டபத்தில் திறந்த அப்பாவின் கணக்கு மடிக்கணினியில் இன்னும் மூடப்படாமல் இருந்தது. அதே வரியை மறுபடியும் திருத்தினாள். அனுப்பினாள்.

கீழே கல்லாவில் போன் ஒலித்தது. மரப்படி வழியாக அது மேலே கேட்டது. மாணிக்கவாசகம் வாடிக்கையாளரிடம் இட்லிக் குண்டானின் கனம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தையில் நின்றார், மறுபடி தொடர்ந்தார். மேலே வரவில்லை.

மதியம் விருகம்பாக்கத்திலிருந்து போன். பேச்சு மேலே தெளிவாகக் கேட்டது. "பக்கத்தக் காணுமா? அது... சர்வர் பிரச்சினை. பாத்துக்கிட்டுருக்கோம்." அப்போதுதான் அவளுக்கு அந்தக் குறை ஞாபகம் வந்தது. திருத்தம் காத்திருக்கிற வரை பக்கம் வெளியே தெரியாது. அப்பா ஏற்றுக்கொண்டால் 'உண்டு' என்று வெளியே வரும். மறுத்தால், மறுப்பதற்கு ஒரு வாக்கியம் எழுதினால், 'இல்லை' என்று வெளியே வரும். இரண்டும் செய்யாதவரை அவள் சந்தையில் இல்லை. சரக்கு அறையில் இருக்கிறாள், அவ்வளவுதான். யாரும் வாங்க முடியாது. அவளும் எங்கும் போக முடியாது. இது விடுதலை அல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனால் 'பாப்போம்' என்ற சொல்லுக்கு முதல்முறையாக அப்பாவும் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் அவளிடம் அந்த அமைப்பை மாற்றச் சொல்லியிருக்கலாம். முன்பு சொன்னாரே, தப்பா ஏறிட்டு, மாத்திரும்மா என்று. இந்த முறை அது தப்பாக ஏறவில்லை என்று அவருக்குத் தெரியும். மண்டபமே பார்த்திருக்கிறது.

வாரத்தின் கடைசியில் படி ஏறி வந்தார். கையில் பொட்டலம் எதுவும் இல்லை. ஒரு குக்கர் பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"இதுல ஒரு வரி எழுதணுமாம்லா," என்றார்.

"ஆமாப்பா. இல்லைன்னா ஏத்துக்கிடுதேன்னு அமுக்கலாம்."

"என்ன எழுத?"

"உங்க மனசுல என்ன இருக்கோ அது."

ஃப்ளெக்ஸ் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. அவர் சட்டை மேல் கடையின் பெயர் நிழலாக விழுந்திருந்தது. அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அவருடைய போனில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம் வரும், அணைக்கத் தெரியாது. டிக், டிக், டிக் என்று கொஞ்ச தூரம் போனது. நின்றது. பிறகு வேறு மாதிரி, ஒரே சீராக, நீளமாக ஒரு சத்தம். அழிக்கிற சத்தம். மறுபடியும் டிக், டிக். மறுபடியும் அழிப்பு.

அவள் மேசையில் இருந்த போன் அதிர்ந்தது. ஜெசிந்தா. எடுத்தாள்.

"இன்னிக்கி சாயங்காலத்தோட முடிஞ்சுதுடி. இன்னா சொல்லட்டும்?"

ஸ்வர்ணலதா அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. ஓர் எழுத்து அடித்தார். யோசித்தார்.

"எழுதிக்கிட்டு இருக்காரு," என்றாள் ஸ்வர்ணலதா.

"இன்னாத்த?"

அறையில் அந்த நீளமான சத்தம் மறுபடியும் கேட்டது.